பட்டா மட்டும் போதுமா? நிலம் வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி (சேரன்மகாதேவி): ஐந்து சென்ட் மனை. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறது. மூலப்பத்திரம் தொலைந்துவிட்டது என்கிறார். நாளை முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். அசல் தொலைந்ததா, யாரிடமாவது அடகில் கிடக்கிறதா என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): தாத்தா 1962-இல் கிரயம் வாங்கிய வயல். அப்பா பம்பாயில் பிழைத்தவர். இப்போது பட்டா பெரியப்பா மகன் பெயரில் மட்டும் இருக்கிறது. விற்கப் பார்க்கிறார். எப்படி மாறியது?

பதில்: பெரும்பாலும் யு.டி.ஆர். காலத்தில், அதாவது 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில். அப்போது பதிவேடுகளைப் புதிதாக எழுதினார்கள். ஊரில் இருந்தவர் பெயர் ஏறியது. பம்பாய்க்கும் கொழும்புக்கும் பிழைக்கப் போனவர் பெயர் விட்டுப்போனது. இப்படி ஏமாந்தவர்கள் தாமிரபரணிக் கரையில் ஊருக்கு ஊர் உண்டு. அந்தப் பிழையைத்தான் இன்று கணினி அப்படியே காட்டுகிறது. வாங்குகிறவர்களும் அதைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்கள்! பட்டா வருவாய்த்துறையின் பதிவு. உரிமை பத்திரத்தாலும் வாரிசு வழியாலும் வருவது. நீதிமன்றங்கள் எத்தனையோ தீர்ப்புகளில் சொல்லியும் தரகர்கள் காதில் ஏறவில்லை.

யு.டி.ஆர். 'அ' பதிவேட்டுக்கும் (எந்த சர்வே எண் யார் பெயரில் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டுக்கும் நகல் கேளுங்கள். சர்வே எண் மாறியிருக்கும். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒத்துப்பாருங்கள். இணையத்தில் வில்லங்கச் சான்று (அந்த நிலத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975 முதல்தான். 1962 பத்திரத்துக்கு அலுவலகத்திலேயே தேடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும். பிறகு மாவட்ட வருவாய் அலுவலரிடம் யு.டி.ஆர். திருத்த மனு. பெரியப்பா மகன் உங்கள் பங்கை மறுத்தால் பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, விற்பனைக்குத் தடை கேளுங்கள். இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி (தென்காசி): முப்பது வருட வில்லங்கம் பார்த்துத்தான் வீடு வாங்கினேன். விற்றவரின் தங்கை இப்போது பங்கு கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். வில்லங்கத்தில் ஏன் வரவில்லை?

பதில்: வராது. பதிவானது மட்டுமே அதில் வரும். தகப்பனார் இறந்ததும் பிள்ளைகளுக்குப் பங்கு சேர்வதை யாரும் போய்ப் பதிவதில்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இத்தனை லட்சம் கொடுப்பவர், விற்பவருக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்க வேண்டாமா? உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சுயசம்பாத்தியத்தில் மகளுக்குச் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தங்கை பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. உங்கள் பணத்துக்கு விற்றவரைப் பிடியுங்கள்.

கேள்வி (நாங்குநேரி): கோயில் இடத்தில் வீடு, விலை பாதிதான். வாங்கலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி (களக்காடு): மனைக்குப் போகும் பாதை பத்திரத்தில் இல்லை. காலங்காலமாக எல்லோரும் போகிற வழி என்கிறார் தரகர்.

பதில்: இதே வார்த்தையைச் சொல்லித்தான் எனக்கும் ஒரு மனையை விற்றார்கள். அடுத்த மழைக்குள் பக்கத்து நிலக்காரர் முள்வேலி போட்டுவிட்டார். பாதை அவருடைய பட்டா நிலம். புலப்படத்தை, அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, வாங்கிப் பாருங்கள். பாதை அதில் இல்லாவிட்டால், நிலக்காரரே கையெழுத்திட்டு வழிப்பாத்தியதையைப் பத்திரமாகப் பதிந்து தரட்டும். அதன் பிறகு விலை பேசுங்கள்.