முகம் புதிது, இயந்திரம் எது?

கைக்கடிகாரப் பிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: முதன்முறையாக, கை அசைவிலேயே சாவி ஏறும் ஓர் ஆட்டோமேடிக் கடிகாரம் வாங்க இருக்கிறேன். டிஸ்ஸோ பிஆர்எக்ஸ், சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் ஆகிய இரண்டுக்கும் இடையே மனம் ஊசலாடுகிறது. என் மணிக்கட்டின் சுற்றளவு ஆறேகால் அங்குலம்தான். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகர், திருச்சி

பதில்: புதிதாக வெளியாகும் கடிகாரங்களில் பெரும்பாலானவை முகப்பின் நிறத்தையும் கூட்டின் அளவையும் மாற்றிக்கொண்டு வருகின்றனவே தவிர, உள்ளிருக்கும் இயந்திரம் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருப்பதுதான். ஆகவே முகப்பை விட்டுவிட்டுப் பின்மூடியிலிருந்து தொடங்குவோம்.

சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசை 2019இல் புதுப்பிக்கப்பட்டபோது அதில் இடம்பெற்ற 4ஆர்36 இயந்திரம் மணிக்கு 21,600 துடிப்புகளுடன் ஓடுகிறது. சாவி முழுமையாக ஏறியிருந்தால் ஏறத்தாழ 41 மணி நேரம் தாங்கும். பிஆர்எக்ஸில் உள்ள பவர்மேட்டிக் 80, பெயருக்கேற்ப 80 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்தால் சீக்கோ ஞாயிறு நண்பகல் வாக்கில் நின்றுவிடும். டிஸ்ஸோ திங்கள் காலை நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 4ஆர்36 நாளொன்றுக்கு 45 நொடி வரை முந்தலாம், 35 நொடி வரை பிந்தலாம் என்று சீக்கோ நிறுவனமே ஒப்புக்கொள்கிறது. நடைமுறையில் இந்த அளவுக்குப் போவது குறைவு என்றாலும், பேட்டரி வாட்ச் கட்டிப் பழகியவர்கள் இதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

அடுத்தது அளவு. விளம்பரங்களில் முகப்பின் விட்டத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் மணிக்கட்டில் பொருந்துகிறதா என்பதைத் தீர்மானிப்பது, வார் மாட்டும் காதுகளின் மேல்நுனியிலிருந்து கீழ்நுனி வரையுள்ள நீளமே. 2019இல் வந்த சீக்கோவின் விட்டம் 42.5 மி.மீ. என்றதும் மிரண்டுவிடுகிறோம், காதுகளுக்கிடையே அது 46 மி.மீ. மட்டுமே. அந்த நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டை வெட்டி மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். இரு புறமும் விளிம்பைத் தாண்டாமல் இருந்தால் கடிகாரமும் தாண்டாது. இருந்தாலும் உங்களுக்கு நான் சொல்வது, 2024இல் வந்த 37.4 மி.மீ. சீக்கோ 5 வரிசை. பழைய எஸ்என்எக்ஸ்எஸ் மாதிரியின் முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கையால் சாவி கொடுக்கவும் நேரம் திருத்தும்போது நொடி முள்ளை நிறுத்தவும் வசதியில்லாத அதன் பழைய இயந்திரத்துக்குப் பதிலாக இந்த 4ஆர்36ஐ உள்ளே வைத்திருக்கிறார்கள்.

டிஸ்ஸோவிலும் 35 மி.மீ. அளவில் ஆட்டோமேடிக் உண்டு. 1978இல் வந்த மாதிரியைத் தழுவிய அதன் தோற்றம் சீக்கோவை விட நேர்த்தியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் செயின் கூட்டோடு இழைந்து வருவதால் கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண வார் எதுவும் அதில் பொருந்தாது. மேலும், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு நெம்புகோல் பவர்மேட்டிக்கில் கிடையாது. தொழிற்சாலையிலேயே திருத்தி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் ஊர் வாட்ச் கடைக்காரர் திறந்து பார்த்து ஒழுங்குபடுத்தித் தரக்கூடியது சீக்கோதான். முதல் கடிகாரத்துக்கு அதுவே போதும்.

கேள்வி: ஸ்வாட்ச் நிறுவனம் ஒமேகாவுடனும் பிளாங்பானுடனும் சேர்ந்து வெளியிட்ட கடிகாரங்களைப் போல இனி வருபவற்றை முதல் நாளே வாங்கி வைத்தால் விலை ஏறுமா?
– வாசகர், கோவை

பதில்: ஏறாது என்றே நினைத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச் 26 அன்று விண்வெளி வீரர்கள் நிலவுக்குக் கட்டிச் சென்ற ஒமேகா கடிகாரத்தைப் போன்ற தோற்றத்தில், கோள்களின் பெயர்களையும் தாங்கி, 11 வண்ணங்களில் அந்தக் கடிகாரங்கள் வந்தபோது, கூட்டம் தாங்காமல் சில நகரங்களில் கடைகளை மூட வேண்டியதாயிற்று. 250 சுவிஸ் பிராங்குக்கு வாங்கியவர்கள் அதே நாளில் பல மடங்கு விலை சொன்னார்கள். ஆனால் அது எண்ணிக்கை குறிப்பிட்டு நிறுத்தப்பட்ட வெளியீடு அன்று. தொடர்ந்து தயாரிப்போம் என்று நிறுவனம் சொன்னது, சொன்னபடியே தயாரித்தது, மறுவிற்பனை விலையும் இறங்கியது. நிலவுக்குப் போன ஒமேகாவில் இருப்பது சாவி கொடுக்கும் இயந்திரம். இதில் இருப்பதோ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ்.

2023 செப்டம்பரில் வந்த பிளாங்பான் கூட்டு வெளியீட்டில் ஆட்டோமேடிக் இயந்திரம் உண்டு; 2013இல் ஸ்வாட்ச் அறிமுகப்படுத்திய, வெறும் 51 பாகங்களால் ஆன இயந்திரம் அது. மனிதக் கைபடாமல் பொருத்திக் கூட்டுக்குள் அடைத்துவிடுவதால், பழுதானால் பிரித்துச் செப்பனிட முடியாது. பிரிக்க முடியாத ஒன்றைச் சேகரிப்பில் வைத்துப் பேரனுக்குக் கொடுக்கப் போகிறேன் என்பவரிடம் எனக்குச் சொல்ல எதுவுமில்லை. வண்ணம் பிடித்திருந்தால் ஆறு மாதம் கழித்து, நெரிசல் இல்லாத ஒரு நாளில் வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: 30 மீட்டர் வரை நீர் புகாது என்று பொறித்த கடிகாரத்துடன் நீந்தலாமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கூடாது. அந்த எண் அசைவற்ற நிலையில் செய்யும் அழுத்தச் சோதனையைக் குறிப்பது. கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் சிறு தூறலுக்கும்தான் அது காப்பு. நீந்துவதற்கு 100 மீட்டர் என்று பொறித்ததை வாங்குங்கள். கடலில் குளித்தால் வந்தவுடன் நல்ல நீரில் அலசுங்கள்.

கேள்வி: 2025இல் வெளியான கடிகாரங்களில் உண்மையிலேயே புதியது என்று எதைச் சொல்வீர்கள்?
– வாசகர், சென்னை

பதில்: வாங்கும் வசதி எனக்கில்லை என்றாலும், ஏப்ரலில் ஜெனீவா கண்காட்சியில் ரோலெக்ஸ் காட்டிய லேண்ட்-ட்வெல்லரைத்தான் சொல்வேன். அதன் செயினைப் பற்றியும் தேன்கூட்டு முகப்பைப் பற்றியுமே எல்லோரும் வாதிட்டார்கள். செய்தி உள்ளே இருந்தது. இயந்திரக் கடிகாரங்களில் பெரும்பாலானவை, 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தாமஸ் மட்ஜ் உருவாக்கிய நெம்புகோல் முறையின் வழித்தோன்றலைக் கொண்டே சுருள்வில்லின் விசையைச் சிறிது சிறிதாக விடுவிக்கின்றன. அந்த முறையில் சக்கரத்தின் பல், நெம்புகோலில் பதித்த சிறு கல்லின் மீது வழுக்கிச் செல்ல வேண்டும். வழுக்கும் இடத்தில் எண்ணெய் வேண்டும். எண்ணெய் காய்ந்தால் ஓட்டம் கெடும். லேண்ட்-ட்வெல்லரின் 7135 இயந்திரத்தில் சிலிக்கனால் ஆன இரு சக்கரங்கள் மாறி மாறி, வழுக்குவதற்குப் பதிலாக உருண்டு விசையைக் கைமாற்றுகின்றன. மணிக்கு 36,000 முறை துடித்தும் 66 மணி நேரம் தாங்குவது இதனால்தான். வெளிச்சந்தையில் கூடுதல் பணம் கொடுத்து இப்போதே இதை வாங்கத் துடிப்பவர்களுக்கு ஒன்று: புதிய பொறிமுறையின் உண்மையான தரம், பத்தாண்டுகள் கையில் கிடந்து சர்வீசுக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

கேள்வி: இணையத்தில் ‘பழைய இருப்பு, பயன்படுத்தாதது’ என்று சொல்லி, பளிச்சென்ற சிவப்பு முகப்புள்ள எச்.எம்.டி. பைலட் ஒன்றை மிகக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? என் தந்தையின் எச்.எம்.டி. ஜனதா கடிகாரமும் என்னிடம் ஓடாமல் கிடக்கிறது.
– வாசகர், வேலூர்

பதில்: ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் 1961இல் பெங்களூரில் கடிகாரத் தயாரிப்பைத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கைக்கடிகார நிறுவனத்தை மூட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அந்தச் செய்திகளோடு சேர்ந்து இதன் மீதான மோகமும் கூடியது. மோகத்துக்கு ஏற்றபடி சரக்கும் பெருகியது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மறுவண்ணம் பூசியதாகத்தான் இருக்கும். பழைய கடிகாரத்தின் முகப்பைச் சுரண்டி, புதிய நிறம் பூசி, எழுத்துகளை மீண்டும் அச்சிட்டு, கூட்டையும் மெருகேற்றி விற்பது இங்கே ஒரு தனித் தொழிலாகவே நடக்கிறது.

கண்டுபிடிப்பது கடினமன்று. உருப்பெருக்கி வழியே பாருங்கள்: எழுத்துகளின் ஓரம் பிசிறடித்திருக்கும், நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காமல் சற்று விலகியிருக்கும், முகப்பு புத்தம் புதிதாகவும் முட்களின் ஒளிரும் பூச்சு பழுப்பேறியும் இருக்கும். பைலட் என்றதும் சேகரிப்பாளர் நினைவில் எழுவது கறுப்பு முகப்புதான். கண்ணைப் பறிக்கும் நிறம் எதுவாயினும் ஐயத்துடன் தொடங்குங்கள். உள்ளே இருக்கும், தேய்மானத்தைக் குறைக்கும் 17 கற்கள் கொண்ட, மணிக்கு 18,000 முறை துடிக்கும் சாவி இயந்திரம் உண்மையானதாகவே இருக்கலாம் என்பதுதான் இதில் விந்தை. மலிவாக ஒரு சாவி வாட்ச் கட்ட ஆசை என்றால் தெரிந்தே வாங்குங்கள், சேகரிப்புக்கு வேண்டாம். மறுவண்ணத்தையே குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். முகப்பு மங்கினால் பூசிக் கொடுப்பது முன்பு கடைக்காரர்கள் செய்துவந்த சாதாரண வேலை. அதைப் பயன்படுத்தாத பழைய இருப்பு என்று விற்பதுதான் பொய்.

தந்தையின் ஜனதாவுக்கு அந்தப் பணத்தைச் செலவிடுங்கள். எண்ணெய் காய்ந்து கெட்டியாகியிருக்கும் நிலையில் சாவி கொடுத்து ஓட்டிப் பார்த்தால் தேய்மானம்தான் மிஞ்சும். முழுவதும் பிரித்துக் கழுவி எண்ணெய் இடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, கண்ணாடி கீறியிருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ஜனதாவின் கண்ணாடி பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. மாற்றுவதற்கு அதிகம் செலவாகாது. முகப்பைத் தொடக்கூடாது என்பதைக் கடைக்காரரிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு விடாமல், ரசீதிலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.