நிலையில்லாத வருமானத்தில் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

விசைப்படகுக் கூலியில் ஓடும் வீட்டில் வட்டிக்காரரிடம் வாங்கிய வட்டிக்கடன், வங்கி நகைக்கடன் இரண்டும் இருக்கையில் எதை முதலில் அடைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டிக்கடனுக்கு நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி என்றால், அது ஆண்டுக்கு 60 விழுக்காடு. வங்கி நகைக்கடன் வட்டி பெரும்பாலும் அதில் கால்பங்குகூட வராது. ஆகவே நகை ஏலத்துக்குப் போகாதபடி அதன் வட்டியைத் தவறாமல் கட்டிக்கொண்டு, மிஞ்சுவதையெல்லாம் வட்டிக்கடனின் அசலில் கட்டுங்கள். அசலில் கழித்ததாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வீட்டுச் செலவைச் சென்ற ஆண்டின் மிகக் குறைந்த மாத வரவுக்குள் அடக்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; பள்ளி திறக்கும் செலவும் அப்போதே சேர்வதால் புதுக்கடன் அங்கேதான் முளைக்கிறது. பாடு, அதாவது மீன் வரத்து, நன்றாக அமையும் வாரங்களில், மீன் விற்றதில் உங்கள் பங்குப் பணம் கைக்கு வந்த அன்றே அந்த இரண்டு மாதங்களுக்கென ஒரு தொகையை அஞ்சலகக் கணக்கில் போட்டுவிடுங்கள்.