யானைக்கு மெமோ கொடுக்க முடியுமா?

(தேர்தல் பணியின்போது ராத்திரிகளில் வந்த சங்கடங்களைக் கேள்வியாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தோம். நீலகிரியில் வருவாய்த் துறையில் பணியாற்றி, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்று இப்போது கோத்தகிரியில் இருக்கும் நம் பதிலாளர் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி விட்டிருக்கிறோம்.)

கேள்வி: ஐயா, நான் கூடலூர் பக்கம் நடுநிலைப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியை. முதல் முறையாக பூத் தலைமை அலுவலர் வேலை. முந்தின நாள் எஸ்டேட் பள்ளியில் தங்கினோம். ஏழு மணிக்கு இடியும் மழையும், கரண்ட் போய்விட்டது, சாப்பாடு தருவதாகச் சொன்னவரும் வரவில்லை. எட்டரை மணிக்குப் பக்கத்து லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) அக்கா ஒரு தூக்குப் போசியில் கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்தார். அவருடைய தம்பிதான் மறுநாள் ஒரு கட்சிக்கு பூத் ஏஜென்ட். யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்று பயிற்சியில் சொன்னார்களே என்று திருப்பி அனுப்பிவிட்டேன். பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தோம். அந்த அக்கா முகம் இன்னும் மறக்கவில்லை. நான் செய்தது சரியா?
*– ஆசிரியை, கூடலூர்*

பதில்: சரிதான் டீச்சர். வேட்பாளர், அவருடைய ஆட்கள், ஏஜென்ட் ஆகியோர் கொடுக்கும் உபசரிப்பை ஏற்கக் கூடாது என்பதுதான் விதி. ஊரில் யார் கையிலும் தண்ணீர்கூட வாங்கக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஆனால் அந்த அக்கா ஏஜென்ட்டின் உடன்பிறந்தவர். காலையில் அடுத்த கட்சி ஏஜென்ட் வரும்போது அந்தத் தூக்குப் போசி உங்கள் மேஜைக்குக் கீழே இருந்திருந்தால், அப்புறம் சாயங்காலம் வரை நீங்கள் எதைச் சொன்னாலும் கஞ்சிக் கணக்குதான் பேசுவார்கள்.

பசிக்கு என்ன வழி? நம் பக்கம் வழக்கமாக சத்துணவுக்கூடத்து அம்மாவிடம் சொல்லிச் சமைக்கச் சொல்வோம், தலைக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுத்துவிடுவோம். மழையில் அவர் வரவில்லை என்றால் தலையாரியைப் பிடிக்க வேண்டும். அந்த ராத்திரியில் பூத்துக்கு அவர்தான் தாயும் தகப்பனும்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த அக்காவிடம் "வேண்டாம்" என்று சொன்னீர்களா, "வாங்கக் கூடாதுக்கா, தம்பி ஏஜென்ட்டாச்சே" என்று சொன்னீர்களா? முதலாவது என்றால் அவர் மனதில் வேறு ஏதோ பட்டிருக்கும். லைன் வீட்டுக் கஞ்சியை டீச்சர் குடிக்க மாட்டார் போல என்று நினைத்திருப்பார். ஒரு நாள் நேரில் போய் இந்தக் காரணத்தைச் சொல்லிவிட்டு, அவர் கையால் ஒரு டீ வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். இப்போது எந்த விதியும் தடுக்காது.

கேள்வி: கரண்ட் இல்லாவிட்டால் ஓட்டு மெஷின் என்ன ஆகும்?
*– பிளஸ் டூ மாணவன், குன்னூர்*

பதில்: ஒன்றும் ஆகாது தம்பி, அது பேட்டரியில் ஓடுகிறது. கரண்ட் போனால் திண்டாடுவது நாங்கள்தான். காலை ஏழு மணிக்கு வாக்குப்பதிவு என்றால் ஐந்தரைக்கே மாதிரி வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டுக் காட்டி, எண்ணி, அழித்து, விவிபாட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் கருவி) சீட்டுகளை எடுத்து முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு சீல் வைக்க வேண்டும். மேகம் மூடிய விடியலில் இத்தனையும் டார்ச் வெளிச்சத்தில் நடக்கும். வெளிச்சம் வேண்டும் என்று விவிபாட்டுக்கு நேர் மேலே பெரிய பல்பைத் தொங்கவிட்டுவிடாதீர்கள். அதற்கு நேரடி வெளிச்சம் ஆகாது, முரண்டு பிடிக்கும்.

கேள்வி: ஆறு மணிக்குப் பத்து நிமிடம் தாண்டி வந்தவரை ஓட்டுப் போட விட்டால் என்ன குடி முழுகிவிடும்? வழியில் மரம் விழுந்தது அவர் குற்றமா?
*– கல்லூரி மாணவி, பந்தலூர்*

பதில்: இதே கேள்வியை என் முகத்துக்கு நேரே ஒரு பாட்டி கேட்டிருக்கிறார். உங்கள் ஊர்ப் பக்கம்தான்.

அப்போது நான் பூத் தலைமை அலுவலர். ஆறு மணி அடித்ததும் வெளியே வந்து வரிசையை எண்ணினேன். பதினேழு பேர். கடைசி ஆளிலிருந்து தொடங்கி ஒன்று, இரண்டு என்று எண் போட்ட சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டே முன்னால் வந்தேன். வாலிலிருந்து கொடுத்தால்தான் கொடுக்கும்போதே பின்னால் யாரும் வந்து ஒட்ட முடியாது. வரிசைக் கடைசியில் போலீஸ்காரர் நின்றுகொண்டார். அதெல்லாம் கச்சிதமாக முடிந்தது.

ஆறு பன்னிரண்டுக்குப் பதினோரு பேர் மூச்சு வாங்க ஏறி வந்தார்கள். கோவை, திருப்பூர் பக்கம் வேலை பார்ப்பவர்கள், ஓட்டுப் போடவென்றே பஸ் ஏறியவர்கள். நடுவட்டத்துக்கு மேலே கற்பூர மரம் விழுந்து இரண்டரை மணி நேரம் பஸ் நின்றுவிட்டது. கூட வந்த பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். முந்தானை முடிச்சை அவிழ்த்து பஸ் டிக்கெட்டை எடுத்து நீட்டினார். நனைந்து ஒட்டிப்போன சீட்டு, ஆனால் காலை 9.40 என்ற நேரம் தெளிவாகத் தெரிந்தது. சாட்சியாம்.

உள்ளே இன்னும் ஒன்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். பாட்டி அவர்களைக் காட்டி, "அவங்க மட்டும் போடுறாங்களே சாமி?" என்றார்.

என்ன சொல்ல? சீட்டு முறையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "கண்டியில எங்கப்பாவுக்கு ஓட்டே கிடையாது. இங்க வந்துதான் எங்களுக்கு ஓட்டு" என்றார். அவ்வளவுதான், சத்தம் போடவில்லை. உங்கள் ஊர்க்காரர் என்பதால் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் இலங்கைத் தோட்டத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள், அடுத்து ஓட்டும் போனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இங்கே வந்து தேயிலைக் காட்டில் குடியேறிய குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி எங்கும் இருக்கின்றன.

நான் விடவில்லை. விட்டிருந்தால் பாட்டிக்காக அழுகிற மனசு, நாளைக்கு ஆறு இருபதுக்கு ஒரு கட்சிக்காரர் முப்பது பேரோடு வந்தாலும் அழ வேண்டும். 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு கலவரம், இயற்கைச் சீற்றம் போன்றவற்றால் வாக்குப்பதிவு நடத்தவே முடியாமல் போனால் ஒத்திவைக்கும் அதிகாரத்தைத் தலைமை அலுவலருக்குத் தருகிறது. பூத்தில் எல்லாம் நடந்துகொண்டிருக்க, வழியில் மரம் விழுந்ததற்காக நேரத்தை நீட்டும் அதிகாரம் எனக்குத் தரப்படவில்லை. தலைமை அலுவலர் நாட்குறிப்பில், கேட்காத இடத்திலும் எழுதினேன்: 6.12, பதினோரு பேர், மரம், பஸ். யாராவது படித்தார்களா தெரியாது.

2021-ல் கொரோனாவுக்காக ஏழு மணி வரை நேரம் கொடுத்தார்கள். அன்று எனக்குப் பாட்டி ஞாபகம்தான்.

கேள்வி: ஓட்டுப் பெட்டி வண்டி தாமதமாக வந்தால் மெமோ கொடுப்பார்களாமே, மலைப் பாதையில் நாங்கள் என்ன செய்வது?
*– ஓட்டுநர், உதகை*

பதில்: எனக்கே கொடுத்தார்கள் தம்பி. மண்டல அலுவலராக இருந்த தேர்தல் அது. ஐந்து பூத் மெஷின்களை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் புறப்பட மணி ஒன்பது ஐம்பது. வண்டியில் ஜிபிஎஸ். குறித்த பாதையை விட்டு விலகக் கூடாது, நடுவில் நிற்கக் கூடாது. நாடுகாணியைத் தாண்டும்போது வளைவில் ஒற்றை யானை. கொம்பன். சாலையின் நடுவில் நின்று பலாக்காய் தின்றுகொண்டிருந்தது.

டிரைவர் விவரமானவர். இன்ஜினை நிறுத்தி விளக்கை அணைத்தார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், என் போன் அடிக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் ஒரு பையன்.

"சார், உங்க வண்டி சிவப்புல காட்டுது. ஏன் நிக்குது?"

"யானை நிக்குது தம்பி, அதனால நாங்களும் நிக்கிறோம்."

"எத்தனை நிமிஷம்னு என்ட்ரி போடட்டும் சார்?"

யானையைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பாவம், அவனுக்கு அங்கே நிரப்ப ஒரு கட்டம் இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே கேள்வியோடு கூப்பிட்டான்.

கூட வந்த காவலர் ஒருவர், எஸ்டேட் வழியாகச் சுற்றிப் போகலாம், பாதை தெரியும் என்றார். அங்கேதான் நான் மாட்டேன் என்று நின்றேன். தாமதத்தை விளக்கிவிடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு ஓட்டு மெஷின் வண்டி எஸ்டேட் ரோட்டில் என்ன செய்தது என்ற கேள்விக்கு ஊரில் எவனிடமும் பதில் சொல்லி மாளாது. பின்னால் பைக்கில் வந்த இரண்டு கட்சி ஏஜென்ட்டுகளையும் வண்டிக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பகல் முழுக்க முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார்ந்தார்கள். யானையை வைத்து ஆகிற காரியம் இது ஒன்றுதான். ஒரு வெள்ளைத் தாளில் நின்ற நேரம், இடம், காரணம், சீல்கள் அப்படியே இருக்கின்றன என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினேன். வனத்துறை வாட்சர்கள் வந்து அதை மெல்ல இறக்கிவிட்டு நாங்கள் கிளம்பும்போது மணி 12.35.

அடுத்த வாரம் மெமோ. "வழித்தடத்தில் அனுமதியின்றி நின்றதற்கு மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்." இரண்டு வரி எழுதி, ஏஜென்ட்டுகள் கையெழுத்திட்ட தாளின் நகலையும் வனச்சரகர் கொடுத்த குறிப்பையும் வைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை. கோப்பு எங்கேயோ தூங்குகிறது.

ஆகவே தம்பி, நின்றால் நின்ற இடத்திலேயே நேரத்தைக் குறித்துவிடுங்கள். ஊட்டி வந்தபின் நினைவிலிருந்து எழுதும் நேரம் எவனுக்கும் ஒத்துவராது.

கேள்வி: 2024-ல் ஊட்டியில் ஓட்டு மெஷின்களைப் பூட்டி வைத்த ஸ்ட்ராங் ரூம் கேமரா இருபது நிமிடம் இருட்டானதே, அதை எப்படி நம்புவது?
*– வியாபாரி, கோத்தகிரி*

பதில்: பாலிடெக்னிக் கல்லூரியில் நடந்தது. ஏப்ரல் 27 சாயங்காலம் திரைகளில் படம் போனது. அதிக வெப்பத்தால் வந்த கோளாறு என்று மாவட்ட நிர்வாகம் விளக்கியது. ஊட்டியில் வெப்பமா என்று சிரித்தவர்கள் உண்டு. அதே வாரத்தில் ஊட்டியில் 29 டிகிரி பதிவானதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேமரா ஒரு கண்தான். கதவில் அலுவலர் சீல் இருக்கும், வேட்பாளர்களும் தங்கள் சீலை வைக்கலாம், அவர்களுடைய ஆட்கள் இரவு பகலாக வெளியே காவல் இருக்கலாம். கேமரா போனதும் ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியது சீலை. சந்தேகப்பட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த நேரத்தில் சந்தேகப்படாத ஏஜென்ட்டுக்கு அங்கே வேலை இல்லை.

கேள்வி: தேர்தல் அன்றும் ராத்திரி ஷிஃப்டுக்கு வரச் சொல்கிறார்கள். ஓட்டு எண்ணும் நாளுக்கும் லீவு கேட்கலாமா?
*– தனியார் நிறுவன ஊழியர், குன்னூர்*

பதில்: வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுமுறை உங்கள் உரிமை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135பி பிரிவு. நீங்கள் இல்லாவிட்டால் ஆபத்தோ பெருநஷ்டமோ வரும் வேலை என்றால் மட்டும் விலக்கு உண்டு. எண்ணும் நாளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. அன்று உங்கள் மேலாளரின் நல்ல மனசைப் பொறுத்தது. அவர் டீவியில் ரிசல்ட் பார்ப்பவரா என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: அடுத்த தேர்தலுக்கு எனக்கும் உத்தரவு வரும் என்கிறார்கள். மலை பூத்துக்கு என்ன கொண்டுபோகலாம்?
*– இளநிலை உதவியாளர், மேட்டுப்பாளையம்*

பதில்: கீழிருந்து வருகிறீர்கள், கம்பளி இரண்டு. டார்ச், மாற்று பேட்டரி, கைச்செலவுக்குச் சில்லறை, சொந்தப் பேனா நான்கு. சீல் வைக்க அரக்கும் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் பொருட்களோடு கொடுத்துவிடுவார்கள். ஆனால் நம் மூடுபனியில் அந்தத் தீப்பெட்டி காலைக்குள் நமுத்துவிடும். ஏஜென்ட் எல்லாம் சுற்றி நிற்க, குச்சி குச்சியாக உரசிக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. கடைசியில் ஒரு ஏஜென்ட்தான் பாக்கெட்டிலிருந்து லைட்டர் எடுத்து நீட்டினார். வாங்கலாமா கூடாதா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வாங்கினேன். எல்லா ஏஜென்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அரக்கு உருகியதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் தீப்பெட்டியை ராத்திரியே ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள்.