பழைய கிரிக்கெட் வட்டும் புதிய கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி நாட்களில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து பிரவுசிங் சென்டரில் ‘ஈ.ஏ. ஸ்போர்ட்ஸ் கிரிக்கெட் 07’ விளையாடியவன் நான். வேலைக்குச் சேர்ந்த பிறகு அதன் அசல் வட்டை வாங்கி, இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன். என் மகனுக்குக் காட்டலாம் என்று, விண்டோஸ் 11 உள்ள புதிய மடிக்கணினியில் வெளியே இணைக்கும் டிவிடி டிரைவ் மூலம் நிறுவினேன். நிறுவுதல் தடையின்றி முடிந்தது. ஆனால் ஐகானை அழுத்தினால் வட்டு சிறிது நேரம் சுழல்கிறது, பிறகு ஒன்றுமே நடப்பதில்லை. பிழைச் செய்தி கூட வருவதில்லை. கணினியின் திறன் போதவில்லை என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மைதானா?
– ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: உண்மையில்லை. கிரிக்கெட் 07 வெளிவந்தது 2006 நவம்பரில். அன்றைய கணினிகளுக்காக எழுதப்பட்ட அந்த விளையாட்டுக்கு, இன்று விற்கும் மிக மலிவான மடிக்கணினியின் திறனே பன்மடங்கு மிகுதி. அது கேட்கும் ஏதோ ஒன்று புதிய விண்டோஸில் இல்லாமல் போயிருக்கிறது என்பதுதான் சிக்கல். அந்த ஒன்று எது என்று கண்டுபிடிக்காமல், இணையத்தில் கிடைக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுப் பார்ப்பதில் பொழுதுதான் வீணாகும். கணினிக்கும் கேடு வரலாம்.

நீங்கள் சொல்லும் அறிகுறியைப் பார்த்தால் நான் முதலில் ஐயுறுவது, வட்டின் மேல் போடப்பட்ட நகல் தடுப்புப் பூட்டைத்தான். 1990-களின் இறுதி முதல் ஏறத்தாழ பத்தாண்டுகள், கணினி விளையாட்டு வட்டுகளில் ‘சேஃப்டிஸ்க்’ என்ற பூட்டு பரவலாகப் பயன்பட்டது. வட்டில் வேண்டுமென்றே சில இடங்களைப் படிக்க முடியாதபடி அச்சிடுவார்கள். விளையாட்டு தொடங்கும்போது, அந்த இடங்கள் படிக்க முடியாதவையாகவே இருக்கின்றனவா என்று சோதித்து, இது அசல் வட்டு என்று முடிவு செய்யும். இதனால்தான் அத்தகைய வட்டைச் சாதாரண முறையில் நகலெடுத்தால் நகல் வேலை செய்யாது. இந்தச் சோதனைக்குத் துணையாக ‘செக்டிரைவ்’ என்ற சிறு இயக்கி நிரல் விண்டோஸின் அடித்தளத்திலேயே அமர்ந்திருந்தது. அடித்தளத்தில் இயங்கும் நிரலில் ஓட்டை இருந்தால் கணினி முழுவதுமே அந்நியர் கைக்குப் போய்விடும். 2007-இல் அப்படி ஓர் ஓட்டை கண்டறியப்பட்டு அடைக்கப்பட்டது. 2015-இல் விண்டோஸ் 10 வெளிவந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த இயக்கியைச் சேர்க்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில், விண்டோஸ் 7, 8 ஆகியவற்றிலும் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பின் மூலம் அதை முடக்கிவிட்டது. கேட்டதற்குப் பதில் சொல்ல ஆளில்லாத நிலையில் விளையாட்டு ஓசையின்றி மூடிக்கொள்கிறது.

உங்கள் வட்டில் இந்தப் பூட்டுதான் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். வட்டின் கோப்புப் பட்டியலைத் திறந்து, ஏழு சுழியங்களும் ஒரு ஒன்றும் சேர்ந்த எண்ணை, அதாவது 00000001 என்பதை, பெயராகக் கொண்ட கோப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அது சேஃப்டிஸ்க்தான். இல்லையென்றால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்; அவற்றுள் முக்கியமானவற்றை அடுத்த பதிலில் சொல்லியிருக்கிறேன்.

பூட்டு இருப்பது உறுதியானால், பழைய இயக்கிக் கோப்பை எங்கிருந்தோ எடுத்து வந்து விண்டோஸ் 11-இல் திணிக்காதீர்கள். எந்த ஓட்டைக்காக அது நீக்கப்பட்டதோ அதையே நாமாகத் திறந்துவிடுவதாகும். ‘சேஃப்டிஸ்க்‌ஷிம்’ என்றொரு கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. அது பூட்டை உடைப்பதில்லை. அசல் வட்டு டிரைவில் இருக்கும்போது, பழைய இயக்கி கொடுத்திருக்க வேண்டிய விடைகளை அடித்தளத்துக்குப் போகாமல் மேலிருந்தே கொடுக்கிறது. பூட்டின் எல்லாப் பதிப்புகளுக்கும் அது பொருந்தும் என்று சொல்வதற்கில்லை என்றாலும், அசல் வட்டை வைத்திருப்பவர் முதலில் முயல வேண்டியது இதைத்தான். அதுவும் பயன்படாவிட்டால், வீட்டிலோ உறவினரிடமோ விண்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினி சும்மா கிடக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த விளையாட்டு எந்த மண்ணில் வளர்ந்ததோ அந்த மண் அது. எந்த மாற்றமும் செய்யாமல் ஓடும். ஒரே ஒரு நிபந்தனை: எக்ஸ்பிக்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2014 ஏப்ரலோடு நின்றுவிட்டதால், அந்தக் கணினியை இணையத்தில் இணைக்கவே கூடாது.

வட்டுச் சோதனையை நீக்கி மாற்றி எழுதப்பட்ட விளையாட்டுக் கோப்புகள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்க, யார் எழுதியது, உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரியாத ஒரு கோப்புக்கு, நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் முழு அதிகாரம் கொடுப்பதாகும் அது.

கேள்வி: எனக்கு அதே விளையாட்டு தொடங்கும் நிலைவரை வருகிறது. ஆனால் ‘டி3டிஎக்ஸ்9’ என்று தொடங்கும் ஒரு கோப்பைக் காணவில்லை என்ற செய்தி வந்து நின்றுவிடுகிறது. அண்ணன் கணினியில் திறந்துகொண்டாலும், ஆட்டக்காரர்கள் எல்லாரும் அகலவாட்டில் இழுக்கப்பட்டுக் குண்டாகத் தெரிகிறார்கள். விளையாடிய ஆட்டமும் சேமிக்கப்படுவதில்லை.
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: மூன்றும் தனித்தனிச் சிக்கல்கள். காணாமல் போன கோப்பு டைரக்ட்எக்ஸ் 9 என்ற பழைய வரைகலைத் தொகுப்பின் துணைக் கோப்பு. விண்டோஸ் 11-இல் டைரக்ட்எக்ஸ் 12 இருக்கிறதே என்று நினைக்கலாம். புதியது வந்தாலும் பழையதன் துணைக் கோப்புகள் கூடவே வருவதில்லை. மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்தில் ‘டைரக்ட்எக்ஸ் என்ட்-யூசர் ரன்டைம்ஸ், ஜூன் 2010’ என்ற தொகுப்பு கிடைக்கும். அதை நிறுவினால் போதும். அந்த ஒற்றைக் கோப்பை மட்டும் தருகிறோம் என்று அழைக்கும் தளங்களுக்குப் போகாதீர்கள்.

ஆட்டக்காரர்கள் குண்டாகத் தெரிவதற்குக் காரணம், நான்குக்கு மூன்று என்ற அளவுள்ள பழைய திரைக்காக வரையப்பட்ட படம், பதினாறுக்கு ஒன்பது அளவுள்ள திரையை நிரப்ப இழுக்கப்படுவது. ‘டிஜிவூடூ 2’ என்ற மென்பொருளில் 32 பிட்டுக்கான டி3டி9 கோப்பை எடுத்து விளையாட்டின் கோப்புறையில் வைத்து, அதன் அமைப்புப் பலகத்தில் நான்குக்கு மூன்று விகிதத்தைக் காக்கும்படி தேர்ந்தெடுத்தால், இருபுறமும் கறுப்புப் பட்டையோடு படம் அதன் இயல்பான உருவில் வரும். 64 பிட் கோப்பை வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். கணினி 64 பிட்டாக இருந்தாலும் விளையாட்டு 32 பிட் நிரல்தான் என்பதை நினைவில் வையுங்கள். இந்த மென்பொருள் விளையாட்டின் பழைய வரைகலைக் கட்டளைகளை டைரக்ட்எக்ஸ் 11 அல்லது 12-க்கு மொழிபெயர்த்துக் கொடுப்பதால், புதிய வரைகலை அட்டைகளில் வரும் வேறு சில கோளாறுகளும் கூடவே நீங்க வாய்ப்புண்டு. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, விண்டோஸ் நிரல்களை அங்கே ஓட்ட உதவும் வைன் மென்பொருளோடு சேர்ந்து, டிஎக்ஸ்விகே என்ற மென்பொருள் இதே போன்ற மொழிபெயர்ப்புப் பணியைச் செய்கிறது.

ஆட்டம் சேமிக்கப்படாததற்கு விண்டோஸின் காவல்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். இந்த விளையாட்டு தன் சேமிப்புகளை ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையில் எழுதும். விண்டோஸ் பாதுகாப்பில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ இயக்கப்பட்டிருந்தால், அறிமுகமில்லாத நிரல் அங்கே எழுதுவதை அது தடுத்துவிடும். அந்தக் காவலை முழுவதும் நீக்காமல், அனுமதிப் பட்டியலில் இந்த விளையாட்டை மட்டும் சேர்த்துவிடுங்கள். டாக்குமென்ட்ஸ் கோப்புறை, மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகமான ஒன்டிரைவோடு இணைக்கப்பட்டிருந்தால் அதையும் பிரித்துப் பாருங்கள். நிறுவும் இடமாக ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ வேண்டாம். சி டிரைவில் தனியாக ஒரு கோப்புறை உருவாக்கி அதில் நிறுவினால், பின்னாளில் கோப்புகளை மாற்றும்போது தடை வராது.

கேள்வி: என் தந்தை வைத்திருந்த ‘ஃபிஃபா இன்டர்நேஷனல் சாக்கர்’ டாஸ் பதிப்பை ஓட்ட முடியுமா?
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: 1994-இல், விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸ் கொண்ட கணினிகளுக்கு வந்த இந்தக் கால்பந்து விளையாட்டை ஓட்டுவது, வியப்பாக இருந்தாலும், கிரிக்கெட் 07-ஐ ஓட்டுவதைவிட எளிது. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரலை நேரடியாக ஓட்டவே முடியாது என்பதால், கணினிக்குள் முழு டாஸ் கணினியையே உருவாக்கிக் காட்டும் ‘டாஸ்பாக்ஸ்’ 2002 முதல் கிடைக்கிறது. விளையாட்டுக் கோப்புறையை ‘மவுன்ட்’ கட்டளையால் சி டிரைவாக இணைத்து, விளையாட்டின் ஒலி அமைப்பில் சவுண்ட் பிளாஸ்டர் 16 என்ற பழைய ஒலி அட்டையைத் தேர்ந்தெடுத்து, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள். ஆட்டக்காரர்கள் கண்மண் தெரியாமல் ஓடினால் கன்ட்ரோல் விசையோடு எஃப்11-ஐ அழுத்தி வேகத்தைக் குறைக்கலாம், தவழ்ந்தால் எஃப்12.

கேள்வி: இவ்வளவு பேர் விரும்பும் கிரிக்கெட் 07-ஐ நிறுவனமே புதுப்பித்து விற்கலாமே?
– வாசகி, சேலம்

பதில்: விற்றால் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் விளையாட்டுப் போட்டிகளைச் சித்தரிக்கும் படைப்புகளில் அணிச் சின்னம், வீரர் பெயர், வர்ணனைக் குரல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கால வரம்புள்ள உரிமம் தேவை. காலம் கடந்தால் எல்லாவற்றையும் மீண்டும் பேசி வாங்க வேண்டும். கிரிக்கெட் 07 வந்தபோதே ஆஸ்திரேலியா, இங்கிலாந்து அணிகளுக்குத்தான் முழு உரிமம் இருந்தது. இந்திய வீரர்கள் எழுத்து மாற்றப்பட்ட பெயர்களோடுதான் ஆடினார்கள். பெயர்களைத் திருத்தியவர்களும், 2008-இல்தான் தொடங்கிய ஐ.பி.எல். அணிகளை 2006-இல் வந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்தவர்களும் ஊதியம் வாங்காத ரசிகர்கள். அத்தகைய இணைப்பு எதையும் சேர்க்கும் முன், திருத்தப்படாத விளையாட்டுக் கோப்புறையின் நகல் ஒன்றை வேறு டிரைவில் எடுத்து வையுங்கள். இணைப்புகள் ஒன்றோடொன்று மோதினால், வட்டைத் தேடாமல் பழைய நிலைக்குத் திரும்ப அது ஒன்றே வழி.