சுருட்டுக் கடை வாசலில் நின்ற மரச்சிலை

வணக்கம்.

வெர்மான்ட் மாநிலத்தின் ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தில், சுருட்டுக் கடை வாசல்களில் ஒருகாலத்தில் நின்ற அமெரிக்கப் பழங்குடியினரின் மரச்சிலைகளைப் பார்த்தேன். இவற்றை ‘நாட்டார் கலை’ என்கிறார்கள். விற்பனைக்காகச் செய்த பொம்மையை, அதிலும் ஒரு மக்களை இழிவுபடுத்தும் பொம்மையை, கலை என்று ஏற்க முடியுமா?

மீனா

அன்புள்ள மீனா,

‘நாட்டார்’ என்ற சொல்லைத்தான் நான் முதலில் மறுப்பேன். இச்சிலைகளில் சிறந்தவற்றைச் செதுக்கியவர்கள், நியூயார்க், பால்டிமோர் போன்ற துறைமுக நகரங்களில் பாய்மரக் கப்பல்களின் முகப்புச் சிலைகளைச் செய்துவந்த, முறையாகத் தொழில் பயின்ற சிற்பிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்கள் பெருகி, முகப்புச் சிலைகளுக்குத் தேவை குறைந்தபோது, அவர்களுடைய உளிக்கு வேலை கொடுத்தவை கடைகள்தாம். 1876இல் நியூயார்க்கில் சொந்தப் பட்டறை தொடங்கிய சாமுவேல் ராப், கப்பல் தச்சர் ஒருவரின் மகன். அங்கிருந்து சர்க்கஸ் வண்டிகளுக்கான உருவங்களும் வெளிவந்தன.

மறுபடியும் அங்கே போனால் சிலையின் நிற்கும் நிலையைக் கவனியுங்கள். ஒரு காலை முன்வைத்து, நெஞ்சை நிமிர்த்தி நிற்பவற்றில், அலையைப் பார்த்து நின்ற முகப்புச் சிலையின் உடல்மொழியே தரையிறங்கியிருக்கிறது. உடலைப் பெரும்பாலும் ஒரே பைன் கட்டையில் செதுக்கி, நீட்டிய கையைத் தனியே செய்து பொருத்துவார்கள். அருகே சென்றால் தோளில் அந்த இணைப்பு தெரியும். காலையில் நடைபாதைக்கு உருட்டி வந்து, இரவில் கடைக்குள் தள்ளிவிட வசதியாகப் பல பீடங்களில் சக்கரம் வைத்தார்கள். வெயிலிலும் மழையிலும் நின்றதால் திரும்பத் திரும்ப வண்ணம் பூசினார்கள். மேல்பூச்சு பெயர்ந்த இடங்களில் பழைய நிறங்கள் அடுக்கடுக்காக எட்டிப் பார்க்கும்.

இழிவைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. இந்த வடிவம் பிறந்தது அமெரிக்காவில் அன்று. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் புகையிலைக் கடைகளில், பழங்குடியினரை நேரில் கண்டிராத சிற்பிகள், ஆப்பிரிக்க அடிமையையும் வர்ஜீனியப் பழங்குடியையும் ஒன்றாகக் குழப்பி, கரிய உடலுக்குப் புகையிலைப் பாவாடையும் இறகுக் கிரீடமும் சூட்டினார்கள். அந்தக் கற்பனையின் வழித்தோன்றல்தான் நீங்கள் பார்த்தது. புகையிலையைப் புனிதச் சடங்குப் பொருளாகப் போற்றும் மக்கள் சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர்களுடைய உருவம் சுருட்டு விற்க நிறுத்தப்பட்டது. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனாலும் அந்தத் தோளையும் மடிப்புகளையும் செதுக்கிய கையின் தேர்ச்சியை என்னால் மறுக்க முடியவில்லை. ஆகவே இவை கலைதான். பொய்யான சாயலைத் தாங்கி நிற்கும் கலை.

நாட்டார் கலை என்ற பெயர், நடைபாதையை அடைப்பதாக நகராட்சிகள் தடை விதித்து, சிலைகள் தெருவிலிருந்து மறையத் தொடங்கிய பிறகு, சேகரிப்பாளர்கள் வழியே வந்தது. ஷெல்பர்ன் அருங்காட்சியகத்தை 1947இல் நிறுவிய எலெக்ட்ரா வெப், பதின்ம வயதிலேயே, 1907இல், இத்தகைய சிலை ஒன்றை வாங்கினார். பிரெஞ்சு ஓவியர் டெகாவின் ஓவியங்களைச் சேகரித்த அவருடைய தாய்க்கு அது பிடிக்கவில்லை. 1931இல் நியூவர்க் அருங்காட்சியகத்தில் கண்காட்சி அமைப்பாளர் ஹோல்கர் கேஹில் நடத்திய நாட்டார் சிற்பக் கண்காட்சி, இப்பெயரை மேலும் நிலைக்கச் செய்தது. சேகரிப்பாளர்களின் அன்பினால்தான் பல சிலைகள் விறகாகாமல் தப்பின என்பதை நன்றியோடு சொல்கிறேன். எனினும், அப்பெயர் பட்டறைகளின் பயிற்சியை மறைத்துவிடுகிறது. இத்தகைய சிலைகளின் விளக்க அட்டைகளில், சிற்பியின் பெயர் தெரிந்தால் அதையும், தெரியாவிட்டால் ‘கப்பல் சிற்பிகளின் மரபு’ என்பதையும் முதல் வரியில் எழுதி, அந்த உடை எந்தப் பழங்குடியினருடையதும் அன்று என்பதை அடுத்த வரியில் சேர்க்க வேண்டும்.