துரத்தியவர்கள் போன பிறகும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். மண்டபத்துக்கு அருகே ஒரு கடற்கரைச் சிற்றூரில் மனைவி, மகள், தாயார் ஆகியோருடன் வசிக்கிறேன். வயது 47. ஓர் ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். என் நாட்களை இரண்டு ஆசைகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன: ஒன்று நெடுந்தூர ஓட்டம், மற்றொன்று காப்பிக்கொட்டை வறுப்பது.

ஓட்டம் தொடங்கிய கதை கொஞ்சம் வேடிக்கையானது. 2013-இல் தேவிபட்டினத்துக்கு வடக்கே நான் குத்தகைக்கு எடுத்திருந்த இறால் பண்ணையில் வெள்ளைப்புள்ளி நோய் விழுந்து, ஒரு வாரத்துக்குள் குளம் முழுவதும் செத்து ஒதுங்கியது. கடன் கொடுத்தவர்கள் விடிந்ததும் வாசலுக்கு வந்துவிடுவார்கள் என்பதால் நாலரை மணிக்கே எழுந்து வெளியே போய்விடுவேன். வந்தவர்களுக்கு அம்மாதான் ஏதாவது பதில் சொல்லி அனுப்புவார். நடந்து போனால் தெரிந்தவர் யாராவது நிறுத்திப் பேசுவார்கள். ஓடுகிறவனை யாரும் நிறுத்துவதில்லை. 2018-இல் கடைசிக் கடனும் அடைந்துவிட்டது, ஆனால் ஓட்டம் நிற்கவில்லை. பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டில் அறையும் வாடைக்காற்றில் ஓடியிருக்கிறேன். ஞாயிறுதோறும் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை போய்த் திரும்பும் 19 கிலோமீட்டர் எனக்குக் கோயிலுக்குப் போவது போல. இதுவரை 7 முழு மாரத்தான்கள். சிறந்த நேரம் 3 மணி 41 நிமிடம்.

காப்பி 2019-இல் வந்தது. தாண்டிக்குடியில் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் கொடுத்த பச்சைக்கொட்டையை, கையால் சுற்றும் இரும்பு உருளையில், சீமைக்கருவேலங்கரியில் வறுத்துப் பார்த்தேன். ஏறத்தாழ 196 டிகிரியில் கொட்டை முதல்முறை படபடவென்று வெடிக்கும். அந்தச் சத்தத்திலிருந்து 90 நொடியில் இறக்கினால் ஒரு சுவை, 120 நொடியில் இறக்கினால் வேறு சுவை. ஒரு கிலோ போட்டால் 850 கிராம் கிடைக்கும். மங்களூர்ப் பக்கம் பருவமழைக் காற்றில் கொட்டையை ஊறவிட்டுப் பதப்படுத்துவார்களே, அதை நம் ஊர்க் கடற்காற்றில் செய்து பார்த்தேன், பூஞ்சணம்தான் பூத்தது. இப்போது வாரத்துக்கு 12 கிலோ, 40 வீடுகளுக்குப் போகிறது. என் பூட்டனார் இங்கிருந்து தோணியேறி மன்னார் போய், கண்டிச் சீமையின் காப்பித் தோட்டத்துக்கு நடந்தே போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். காப்பியும் கால்நடையும் எங்கள் வம்சத்துக்கே எழுதியவை போலும்.

கடந்த மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில், ஒரு ஞாயிறு நான் 30 கிலோமீட்டர் ஓடப் போயிருந்தேன். இடுப்பில் கனக்கிறது என்று கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். 3 மணி 10 நிமிடம் கழித்துத் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. அம்மாவுக்கு முடியாமல் போய், மனைவி பக்கத்து வீட்டார் துணையோடு ராமநாதபுரத்துக்கு வண்டியில் கொண்டுபோயிருந்தாள். அம்மா தேறிவிட்டார். அதற்கு இரண்டு மாதம் கழித்து என் வலது கெண்டைக்கால் எலும்பில் நுண்முறிவு என்று மதுரையில் மருத்துவர் சொல்லி, 8 வாரம் ஓடக்கூடாது என்றார். இது நான்காவது வாரம். பகலில் எரிந்து விழுகிறேன். இரவு ஒரு மணி வரை வறுத்துக்கொண்டிருக்கிறேன். சுவை பார்ப்பதற்கென்று எட்டு, ஒன்பது டம்ளர் குடிக்கிறேன். இரண்டு முறை இருட்டில் கடற்கரை மணலில் யாருக்கும் தெரியாமல் ஓடியும் பார்த்துவிட்டேன்.

என் மனைவி சொன்னது இது: “குடிகாரன் பொண்டாட்டிக்காவது அவன் எந்தக் கடையில கெடப்பான்னு தெரியும். எனக்கு அதுவும் தெரியல.” அம்மாவோ, நான் ஓடாமல் வீட்டிலேயே இருக்கும் இந்த நாட்களிலும், காலையில் என்னைப் பார்த்ததும் “ஓடிட்டு வந்துட்டியாப்பா?” என்று கேட்கிறார். குத்திக்காட்டுகிறார் என்றே படுகிறது.

எனக்கு இருப்பது நோயா? நோய் என்றால் இரண்டையும் அடியோடு விட்டுவிட வேண்டுமா?

இப்படிக்கு,
ராமநாதபுரம் மாவட்ட வாசகர்

ஆலோசகரின் பதில்

அன்புள்ள நண்பருக்கு,

மனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் காலைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டில் ஓடிய அந்த இரண்டு ஓட்டங்களையும் உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். நுண்முறிவின் மேல் தொடர்ந்து ஓடினால் அது முழு முறிவாகக்கூடும். அப்போது கணக்கு வாரங்களில் இராது, மாதங்களில் இருக்கும். நீந்தலாமா, சைக்கிள் மிதிக்கலாமா என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நோயா என்று கேட்டிருக்கிறீர்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை கிலோ என்ற கணக்கால் அது தீர்மானமாவதில்லை. உடற்பயிற்சியை நிறுத்தினால் மனிதருக்கு என்ன ஆகிறது என்று அறிய விரும்பிய பேக்லேண்ட் என்ற ஆய்வாளர், 1970-இல் வெளியிட்ட ஆய்வுக்காக வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்பவர்களைத் தேடினார். பணம் தருகிறோம் என்றபோதும் ஒரு மாதம் நிறுத்திவைக்க அவர்கள் ஒப்பவில்லை. கடைசியில் அவ்வளவு தீவிரம் இல்லாதவர்களை வைத்தே அவர் ஆய்வை நடத்த வேண்டியதாயிற்று. அவர்களுக்கும் தூக்கம் கெட்டது, படபடப்பு கூடியது. ஆகவே நீங்கள் எரிந்து விழுவதும் உறங்காமல் கிடப்பதும் ஓட்டம் நின்றுபோன உடம்பில் எதிர்பார்க்கக்கூடியவைதாம். அதற்காக அவற்றை வீட்டார் பொறுத்துப் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

கனடாவின் உளவியலாளர் ராபர்ட் வல்லெராண்டும் அவருடைய குழுவினரும் 2003-இல் ஆசையை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று வாழ்க்கையின் மற்றவற்றோடு இணங்கி இருப்பது, அதை நாம் விரும்பும்போது கீழே வைக்க முடியும். மற்றொன்று நம்மை ஆட்டுவிப்பது, வைக்க நினைத்தாலும் கை விடாது. அவர்கள் சைக்கிள் ஓட்டுவோரைக் கவனித்தபோது, கியூபெக்கின் பனிக்காலத்தில் உறைந்த சாலையிலும் நிறுத்தாமல் ஓட்டியவர்களிடம் இந்த இரண்டாம் வகை கூடுதலாக இருந்தது. விருப்பம் அவர்களுக்கு மட்டுமே இருந்தது என்பதல்ல. சைக்கிளை நேசித்த மற்றவர்கள் பனி வந்ததும் கொட்டிலில் நிறுத்திவிட்டு வசந்தத்துக்குக் காத்திருந்தார்கள், அவ்வளவுதான். நுண்முறிவோடு நீங்கள் மணலில் ஓடிய அந்த இரவுகள் எந்த வகை என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. கடன்காரர்களுக்குப் பயந்து விடியுமுன் வெளியேறியதை வேடிக்கையான கதை என்கிறீர்கள். அதில் எனக்கு வேடிக்கை தெரியவில்லை. ஐந்து ஆண்டுகள் ஒரு மனிதர் தன் வீட்டு வாசலை இருட்டிலேயே கடந்திருக்கிறார். அவருடைய தாயார் வெளிச்சத்தில் அதே வாசலில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். விடிந்தால் வீட்டில் இருக்கக்கூடாது என்று உடம்பு அப்போது கற்றுக்கொண்டது. 2018-இல் கடன் அடைந்த செய்தி வங்கிக் கணக்குக்குத் தெரியும். கால்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை போலும். உங்கள் பூட்டனாரைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்கள். அவர் காலத்தில் ராமநாதபுரம் சீமையிலிருந்து, தோட்டங்களுக்கு ஆள்சேர்த்துக் கூட்டிப்போன கங்காணிகளின் பின்னால் மன்னார்க் கரையிறங்கி, காட்டு வழியே கண்டி மலைக்கு நடந்தவர்களை வறட்சியும் பசியும் துரத்தின. வழியிலேயே காய்ச்சலில் விழுந்து மடிந்தவர்கள் பலர். காப்பிமேல் கொண்ட ஆசையால் நடந்தவர்கள் அல்லர் அவர்கள். அவரிடமிருந்து உங்களுக்கு ஏதேனும் வந்திருக்குமானால், துரத்தப்பட்டு ஓடுவது வந்திருக்கிறது என்று சொல்வதே பொருத்தம். இப்போது உங்களைத் துரத்துவது யார் என்பதை, கால் ஆறும் இந்த நான்கு வாரங்களில், காலை நாலரை மணிக்கு வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. முதல் சில நாட்கள் அந்த ஒரு மணி நேரம் மிகவும் நீளமாக இருக்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளலாம், வெட்கம் வரலாம், பழைய முகங்கள் வரலாம். வந்தவற்றைத் தேதியிட்டு நான்கு வரி எழுதி வையுங்கள். நொடிக்கணக்கு எழுதிப் பழகிய கை உங்களுடையது. அது எளிதாகவே வரும்.

காப்பியை விடச் சொல்ல மாட்டேன். அதில் நாற்பது வீடுகள் இருக்கின்றன, தாண்டிக்குடி நண்பர் இருக்கிறார், காது கொடுத்துக் கேட்க வேண்டிய வெடிப்பு இருக்கிறது. அது உங்களை மனிதரிடம் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. இந்த மாதம் மட்டும் அதை ஓட்டத்தின் இடத்தில் நிறுத்தி இரவெல்லாம் ஓடவிட்டிருக்கிறீர்கள். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே பெரும்பாலோருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், இரவு எட்டு மணிக்குக் குடித்ததில் பாதி ஒரு மணிக்கும் விழித்திருக்கிறது. சுவை பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் உறிஞ்சிவிட்டுத் துப்பிவிடுவார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். அடுப்பை மாலை ஆறு மணிக்கு அணைத்துவிடுங்கள், குடிப்பதைப் பகல் ஒரு மணியோடு நிறுத்துங்கள். ஒன்பதிலிருந்து ஒரேயடியாக இறங்கினால் தலைவலி வரும். இரண்டு நாளைக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

உங்கள் மனைவியின் சொல்லைக் குடிப்பழக்கத்தோடு ஒப்பிட்டதாக எடுத்துக்கொண்டு புண்பட்டிருக்கிறீர்கள் போலும். திரும்பப் படியுங்கள். நீங்கள் ஓடுவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை என்பது மட்டுமே இருக்கிறது. மே மாத ஞாயிற்றுக்கிழமையை அவர் தனியாகச் சுமந்தார். அதைப் பற்றி அவரிடம் நேராகப் பேசியதாகவோ, மன்னிப்புக் கேட்டதாகவோ கடிதத்தில் இல்லை. உங்கள் ஓட்டத்துக்கு 3 மணி 10 நிமிடம் என்று துல்லியமாக எழுதியவர், தாயாருக்கு நேர்ந்ததை “முடியாமல் போய்” என்ற இரண்டு சொல்லில் கடந்துவிட்டீர்கள்; மகளுக்கு ஒரு சொல்தான். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அந்த நாளை நீங்கள் இன்னும் நின்று பார்க்கவில்லை என்பதற்கு அடையாளமாகச் சொல்கிறேன். மனைவியிடம் முதலில் அன்று நடந்ததை முழுவதும் கேளுங்கள், இடையில் விளக்கம் சொல்லாமல். மீண்டும் ஓடத் தொடங்கும்போது எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைச் சொல்லிவிட்டுப் போங்கள். கைபேசி இடுப்பில் கனக்கட்டும்.

நான்கு வாரத்துக்குப் பிறகும் தூக்கம் திரும்பாவிட்டாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதேனும் எட்டிப் பார்த்தாலோ, காத்திருக்காமல் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

தாயாரின் கேள்வியைப் பற்றி நான் ஊகிப்பது சரியல்ல, அவரிடமே கேட்க வேண்டியது அது. வாசலில் நின்று பதில் சொன்ன நாட்களில், ஆட்கள் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு, திரும்பி வந்த மகனிடம் அவர் என்ன கேட்பார் என்று மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். நாற்பது வீட்டுக்குப் போகும் காப்பியை உங்கள் வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. அவருக்குக் காப்பி ஆகும் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், நாளைக் காலை ஒரு டம்ளர் போட்டுக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.