கணினி கேள்வி-பதில்: ஜி.டி. இல்லாத சர்வர்

கேள்வி: எங்கள் கருவாட்டுக் கடைக்கு நானே பி.எச்.பி. நிரல்மொழியில் ஒரு இணையதளம் எழுதியிருக்கிறேன். ஹோஸ்டிங் மாற்றியதிலிருந்து படம் ஏற்றினாலே வெள்ளைப் பக்கம்தான் வருகிறது. படங்களைக் கையாளும் ஜி.டி., தமிழ் போன்ற எழுத்துகளைக் கையாளும் எம்பி-ஸ்ட்ரிங் என்ற பி.எச்.பி. துணை நிரல்கள் இரண்டும் புது சர்வரில் கிடையாதாம். அவை இல்லாமல் தளம் ஓடுமா?
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக ஓடும். புதுச்சேரியில் சின்னக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் தளம் எழுதித் தருகிறவன் நான். 'ஹோஸ்டிங்கை மாற்றிவிடுங்கள்' என்று சொல்லிவிட எனக்கு மனசு வராது. மாதச் செலவு உங்களுடையது.

உங்கள் தளத்தில் ஜி.டி.க்கு இருப்பது ஒரே வேலை, படத்தைச் சுருக்குவது. அந்த ஃபங்ஷன் சர்வரில் இருக்கிறதா என்று முதலில் உங்கள் நிரலிலேயே சோதியுங்கள். இல்லையென்றால் வந்த படத்தை அப்படியே சேமியுங்கள். அது படம்தானா என்று பார்க்கும் கெட்-இமேஜ்-சைஸ் ஃபங்ஷனுக்கு ஜி.டி. தேவையில்லை. ஆனால் ஒன்று: போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். விவரம் இருக்கலாம். ஜி.டி. திரும்ப எழுதும்போது அது உதிர்ந்துவிடும். அப்படியே சேமித்தால் உங்கள் வீட்டு இருப்பிடமும் வெளியே போகும். அதனால் பிரவுசரிலேயே, கேன்வாஸ் என்ற அதன் வரையும் வசதியில் சுருக்கி அனுப்புவதுதான் என் சிபாரிசு. பி.எச்.பி.யின் வழக்கமான 2 எம்.பி. அப்லோடு வரம்பிலும் மாட்டாது.

எம்பி-ஸ்ட்ரிங் விஷயத்தில்தான் எனக்குக் கவலை. அது இல்லையென்றால் எழுத்துகளைப் பைட் கணக்கில் வெட்டும் சாதா சப்-ஸ்ட்ரிங்கைப் போடு என்று பலர் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. எழுத்துகளைச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'கடலூர்' 18 பைட். 10 பைட்டில் வெட்டினால் 'கடல' என்று வந்து பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டம் நிற்கும். பி.எச்.பி. எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, அந்தக் குப்பை டேட்டாபேஸிலும் ஏறிவிடலாம். எம்பி-ஸ்ட்ரிங்கும் முழு மருந்தல்ல: ஊகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி 6 என்று சொல்லும். எழுத்துகளை ஒரு வடிவம் சொல்லித் தேடும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பி.எச்.பி.யோடு எப்போதும் கூடவே வருவது. அதில் பின்சாய்கோடு போட்ட பெரிய எக்ஸ், கடைசியில் சின்ன யூ (/\X/u): நம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி க, ட, லூ, ர் என்று நான்காகப் பிரிக்கும். அதையே வைத்துக்கொள்ளுங்கள், எம்பி-ஸ்ட்ரிங் இருந்தால் என்ன, போனால் என்ன.

பணம் வாங்கும் பக்கத்தில் மட்டும் எந்தச் சமாளிப்பும் வேண்டாம். அங்கே தகவலை மறையாக்கம் செய்யும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். இல்லையென்றால் 'ஆர்டரைப் போனில் சொல்லுங்கள்' என்று காட்டி நிறுத்திவிடுங்கள்.

இந்தச் சோதனைகளையெல்லாம் தளம் தொடங்கும் ஒரே ஃபைலில் வையுங்கள். எது இல்லையோ அதை எர்ரர் லாகில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டுக் கம்ப்யூட்டரில் பி.எச்.பி. ஐ.என்.ஐ. என்ற அமைப்பு ஃபைலைத் திறந்து, ஜி.டி. வரிக்கு முன்னால் ஒரு அரைப்புள்ளி போட்டு அதை முடக்கி, சர்வரை மறுபடி ஓட்டுங்கள். வஞ்சிரம், நெத்திலி என்று படங்களை ஏற்றிப் பார்த்து, எல்லாம் சரியாக வந்தால் புது சர்வருக்கு அனுப்பலாம்.